மணி எட்டு என்றது பெட்டி

பிப்ரவரி 4, புதன்

ஏஸ்தெல் நேற்று கிளம்பிப் போய்விட்டாள். இன்று காலை சமையலறையில் அவள் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் இல்லை, பெட்டி.

“அம்மா, மணி எட்டு ஆவுது. மாத்திரை போட்டுக்கோ. போட்டுட்டு பச்சைய அமுத்து.”

போட்டேன். அமுக்கினேன். “சபாஷ்ம்மா” என்றது. பெற்ற மகள் இங்கே இருந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவையாவது சபாஷ் சொன்னாளா என்று யோசித்தேன். நினைவில்லை. சொல்லியிருந்தாலும் நினைவிருக்காது, அதுதானே என் சங்கதி.

விவரத்தை எழுதிவைக்கிறேன், பிறகு எனக்கே தேவைப்படும். டிசம்பரில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு மறதி நோயின் ஆரம்பம் என்றார். “மைல்டுதான் மதாம், பயப்படாதீங்க.” எனக்குப் பயமும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. வெளியே வந்து ஏஸ்தெல் அழுதாள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இருப்பது பிரான்சில், துலூசில். லீவு போட்டு வந்து எனக்காக இந்தப் பெட்டியை ஏற்பாடு செய்தாள். பெட்டி என்று நான்தான் சொல்கிறேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டிய டேப்லெட் கம்ப்யூட்டர் அது. வேளைக்கு வேளை நான் செய்யவேண்டியதை அவள் பதிந்துவைத்த குரலில் சொல்லும். கையில் இருக்கும் போனும் அதையே சொல்லும். நான் பச்சையை அமுக்கினால் துலூசில் அவள் போனில் பச்சை விழும். அமுக்காவிட்டால் சிவப்பு.

ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பது என்று பேச்சு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்த வீட்டிலேயே தனியாக இருக்கலாம். இல்லையென்றால் ஊருக்கு வெளியே கன்னியர் நடத்துகிற இல்லத்தில் ஓர் அறை. சொல்லிவைத்திருக்கிறாள். “தக்கோர்?” என்று கேட்டாள். தக்கோர் என்றேன். எங்கள் வீட்டில் சரி என்பதற்கு அதுதான் வார்த்தை.

இந்த வீட்டைவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. இதை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். மற்றபடி மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

படுக்கப் போகுமுன் பெட்டி ஒரு கேள்வி கேட்கும். இன்று எப்படி இருந்தது? மூன்று முகம் காட்டும். சிரிக்கிற முகம், வாயை நேராக வைத்திருக்கிற முகம், அழுகிற முகம். நான் நேர்வாயையே அமுக்கிக்கொண்டிருந்தேன். ஏஸ்தெல் போன் செய்துவிட்டாள். “ஏம்மா, எதுனா கஷ்டமா?” கஷ்டம் இல்லை. சிரிக்கவும் ஒன்றுமில்லை. அவளுக்கு அங்கே ஆயிரம் வேலை கிடக்கிறது. இன்றிலிருந்து சிரிப்பு.

பிப்ரவரி 9, திங்கள்

சிரிப்பு.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

கோயிலுக்குப் போய்வந்தேன். கலியபெருமாள் ஆட்டோ. பெட்டியில் அவர் படத்தை அமுக்கினால் அவர் போன் அடிக்கும், சற்று நேரத்தில் வாசலில் நிற்பார். என் கணவர் இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டு ஆட்டோ.

திரும்பி வந்து கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில் கரி. அடுப்படியில் எங்கேயோ பட்டிருக்கிறது என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். சாயங்காலம் எதிர்வீட்டுப் பூர்ணிமா வந்தாள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை அவளுக்கு. போகும்போதும் வரும்போதும் என்னை எட்டிப் பார்ப்பாள். “ஆன்ட்டி, இன்னிக்கு சாம்பல் வெப்பாங்களே, போவலயா?” என்றாள். போனேன் என்றேன். என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு வேறு என்னவோ பேசினாள்.

பிறந்ததிலிருந்து வாங்கிக்கொண்ட சாம்பல். அழுகை வந்திருக்கவேண்டும். நான் பீன்ஸ் நறுக்கினேன்.

பிப்ரவரி 26, வியாழன்

நேர்மையாக எழுதவேண்டும். பெட்டி நல்லது. இன்று சாவியைக் காணோம். பெட்டியில் ‘எங்கே?’ என்ற இடத்தை அமுக்கினேன். சாவியின் படம், அதற்குக் கீழே ஆணியின் படம். போய்ப் பார்த்தால் ஆணியில் சாவி. ரசத்துக்கு எது முதலில் எது பிறகு என்பதும் படம் படமாக வருகிறது. கேட்டதையே கேட்கிறேன் என்று அது முகம் சுளிப்பதில்லை.

“உங்கள நீங்களே பாத்துக்கறதுக்குத்தான் மதாம் இது. உங்கள வேவு பாக்கறதுக்கு இல்ல” என்று டாக்டர் சொன்னார். முதல் பாதி புரிந்துவிட்டது. இரண்டாம் பாதி ஏஸ்தெலுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

மார்ச் 7, சனி

மிஷன் வீதியில் ஒருத்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “பூத்துக்கார மதாம்தானே நீங்க!” யாரென்று தெரியவில்லை. சிரித்துவைத்தேன்.

செல்போன் வந்து வாயில் மண்ணைப் போடும்வரை அங்கே ஐ.எஸ்.டி. பூத் வைத்திருந்தேன். பாதி ஊருக்குப் பிரான்சில் ஒரு பிள்ளையோ மருமகனோ இருந்த காலம். வரிசையில் நிற்பார்கள். கண்ணாடிக் கதவுக்குள் போய் அழுவார்கள், நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை பேருடைய நம்பர் மனப்பாடம்! இப்போது என் நம்பரைப் பெட்டிதான் எனக்குச் சொல்கிறது.

மார்ச் 20, வெள்ளி

ஏஸ்தெல் வீடியோவில் வந்தாள். “எல்லாம் பச்சைம்மா. ஒரு செவப்பு கூட இல்ல. இப்பிடியே போனா ஈஸ்டர் முடிஞ்சதும் அந்த ரூமு வேணாம்னு சிஸ்டருக்குச் சொல்லிடலாம்.”

நல்ல செய்தி. போனை வைத்துவிட்டு வீட்டை ஒரு தடவை சுற்றி நடந்தேன். மாடிப்படி, அவர் புத்தக அலமாரி, கழுவுகிற இடம். ஒவ்வொன்றையும் கையால் தொட்டேன். சந்தோஷம் என்றால் இதுதானா என்று தெரியவில்லை. சிரிப்பை அமுக்கினேன், இன்று பொய்யில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

குருத்தோலை வாங்கிவந்தேன். பவனியில் முழங்கால் வலி. மதியம் பெட்டி சாப்பிடக் கூப்பிட்டபோது பசியே இல்லை. உலைகூட வைத்திருக்கவில்லை. மந்தமாகிவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

பெட்டி “மணி எட்டு ஆவுது” என்றபோது நான் இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு. பெட்டியில் மணி தெரியாது, ஏஸ்தெலின் படம்தான் தெரியும். போனில் இருப்பது பொடி எழுத்து. யாரை நம்புவது? கடிகாரத்துக்கு பேட்டரி போயிருக்கும். ஏஸ்தெல் தப்பாகச் சொல்வாளா?

மாத்திரை போட்டேன், பச்சையை அமுக்கினேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தின் முள்ளை ஒரு சுற்று முன்னால் தள்ளி எட்டு ஆக்கினேன். கைக்கடிகாரத்தையும் அப்படியே. ஸ்டூலில் நிற்கும்போது இதே வேலையை முன்பும் செய்திருக்கிறேன் என்று பட்டது. கை தானாகப் போயிற்று. எங்கே, எப்போது? பிடிபடவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

ஊரே சோம்பேறியாகிவிட்டது. பால் பாக்கெட் நேரத்துக்கு வரவில்லை. வடிவேல் வந்தபோது சத்தம் போட்டேன். “எப்பவும் வர நேரந்தானே மதாம்” என்று முனகினான். கோயில் மணிகூடத் தாமதமாக அடிக்கிறது. வெயிலும்தான் ஏறுவதில்லை.

ஏப்ரல் 1, புதன்

காலையில் பூர்ணிமா வீட்டுக் கதவு திறக்கவேயில்லை. ஆபீசுக்கு நேரமாகிறதே என்று போய்த் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். “இன்னும் நேரம் இருக்கு ஆன்ட்டி.”

“கடியாரத்தப் பாரு, அப்புறம் பேசு” என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “சரி ஆன்ட்டி, கெளம்பறேன்” என்று மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவான குரல் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெட்டி சொன்னது: “மணி அஞ்சர ஆவுதும்மா, ஆறு மணிக்குப் பூசை, கெளம்பு.” கூடத்துக் கடிகாரமும் ஐந்தரை. கலியபெருமாள் வந்தார். “என்னா மதாம், இவ்ளோ சீக்கிரம்?” என்றார். “சீக்கிரமா? பூசையே ஆரம்பிச்சிடும், போ” என்றேன். தலையாட்டிவிட்டு ஓட்டினார்.

கோயிலில் ஆள் இல்லை. பாதம் கழுவுகிற சடங்குக்கு முன்னால் போடுகிற நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன். செபமாலை முழுவதும் சொல்லி முடித்தேன். யாரும் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு தாண்டியிருந்தது. அப்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பூசை முடிந்துவிட்டது. நாற்காலிகள் காலி, தரையைத் துடைக்கிறார்கள். எல்லோரும் வந்து போயிருக்கிறார்கள். நான் நடுவில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இவ்வளவுதூரம் வந்துவிட்டதா என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. எழுந்து கடற்கரை ரோடு வழியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். இட்லி இருந்தது, சாப்பிட்டேன்.

போனைப் பெஞ்சிலேயே விட்டிருக்கிறேன். அது ஒழுங்காகப் பூசை கண்டது. பூசை விட்டு என்னைக் கூப்பிட வந்த கலியபெருமாள் கூட்டத்தில் தேடி, வாசல் சிலுவைப் பக்கம் தேடி, பூர்ணிமாவுக்குச் சொல்லி, பூர்ணிமா ஏஸ்தெலுக்குச் சொல்லி... எல்லோரும் கடலுக்குள் பார்க்கவா என்கிற நிலைக்கு வந்துவிட்டார்களாம். கடைசியில் பூர்ணிமா ஓடிவந்து என் வீட்டு விளக்கைப் பார்த்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இப்பத்தான் ஆன்ட்டி பூசை முடிஞ்சிது” என்றாள். முடிந்தது எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஏஸ்தெல் கூப்பிட்டாள்.

“பூர்ணிமா எல்லாம் சொன்னா. விடியறதுக்கு முன்னாடி கதவத் தட்டறியாம். பால்காரர்கிட்ட சண்டையாம். என் போன்ல பாத்தா அத்தினியும் பச்சை. அப்ப அந்தப் பச்சைக்கு என்னாம்மா அர்த்தம்? நீ சும்மா அமுத்தறியா?”

“சொன்னத செஞ்சிட்டுத்தான் அமுத்தறேன்.”

அவள் நம்பவில்லை. நானும் சத்தியம் செய்யத் தயாரில்லை. அடுத்த வாரம் வருகிறாளாம். சிஸ்டரிடம் பேசிவிட்டாளாம், அறை இருக்கிறதாம். “தக்கோர்?” என்றாள். தக்கோர் என்றேன். என் வாய் அதற்குப் பழகியிருக்கிறது.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

போகவில்லை. வெடிச்சத்தம் கேட்டது.

ஏப்ரல் 8, புதன்

இல்லத்துக்கு எதை எடுத்துப்போவது? அலமாரியைத் திறந்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெட்டி கூப்பிடும்வரை அப்படியே இருந்திருக்கிறேன். ஒரு புடவைகூட எடுத்துவைக்கவில்லை. மேல் தட்டில் அவருடைய தொப்பி. அதை எடுத்து, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

போகமாட்டேன் என்று கத்தவேண்டும். கத்துவதற்கு உள்ளே ஒருத்தி வேண்டுமே. அவளைக் காணோம். ‘எங்கே?’யில் அவள் படம் இல்லை.

சிரிப்பை அமுக்கினேன்.

ஏப்ரல் 11, சனி

ஏஸ்தெல் விடியற்காலையில் சென்னையிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினாள். இளைத்திருக்கிறாள். நான் காபி போட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

அப்போது பெட்டி பேசிற்று. “அம்மா, மணி எட்டு ஆவுது. மாத்திரை போட்டுக்கோ.”

நான் எழுந்து மாத்திரை டப்பாவை எடுத்தேன்.

“இரு” என்றாள் ஏஸ்தெல். தன் போனைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி போனை. “அம்மா, இப்ப மணி ஏழுதான் ஆவுது.”

“எட்டு. கூடத்துல போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தாள். எட்டு. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “அந்தக் கடியாரத்த யாரு மாத்தனது?”

“நான்தான். பின்தங்கிப் போச்சி. நீதானே எட்டுன்னு சொன்ன?”

ஏஸ்தெல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “எல்லாத்தையும் நான் எங்க ஊரு நேரத்துல வெச்சிருக்கேம்மா. இங்க காலைல எட்டுன்னா அங்க ராத்திரி மூணர. போன மாசக் கடைசி ஞாயித்துக்கெழம அங்க எல்லாருமே கடியாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க. வெயில் காலம் வருதில்ல, வருஷா வருஷம் தள்ளுவாங்க. அந்த மூணர இப்ப இங்க ஏழு. பெட்டி ஏழு மணிக்கு எட்டுன்னு சொல்லிக்கினு இருந்திருக்கு. என் குரல்ல.”

பிறகு “பெரிய வியாழக்கெழம நீ ஒரு மணி நேரம் முன்னாடி போயிருக்கம்மா. பூசை ஆரம்பிக்கவே இல்ல” என்றாள். “நான் பண்ண தப்பு. உன்னப் போய்...”

அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அப்புறம் அவளே சிஸ்டருக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்றாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வீடு தங்கிவிட்டது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரையை ஒரு மணி நேரம் கழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தூக்கம் வரல. நேத்து வராத கோபம் இப்ப வருது.

எனக்குத் தெரியாதா? எனக்கா தெரியாது? பூத்துல ரெண்டு கடியாரம் மாட்டியிருந்தேன். ஒண்ணு புதுச்சேரி, ஒண்ணு பாரீஸ். வருஷா வருஷம் மார்ச் கடைசி ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்து ஸ்டூல்ல ஏறி பாரீஸ் முள்ள ஒரு சுத்து முன்னாடி தள்ளுவேன். யாராவது பழைய நேரத்துக்கு வந்து நின்னா, “அங்க நேரம் மாறிப்போச்சி, புள்ள வேலைக்குப் போயிருப்பான், சாயங்காலம் வா”ன்னு திருப்பி அனுப்புவேன். ஊருக்கே சொன்னவ நான். அதே வாரம், அதே மாதிரி ஸ்டூல்ல ஏறி, அதே ஒரு மணி நேரம் தள்ளியிருக்கேன். கைக்கு ஞாபகம் இருந்திருக்கு. எனக்குத்தான் இல்ல. கை தள்ளினதும் தப்பான கடியாரத்த.

இதை ஏஸ்தெலிடம் சொல்லவில்லை.

பெட்டிதான் குழம்பியது, நான் இல்லை என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். கலியபெருமாள் வந்து சிரித்துவிட்டுப் போனார். ஆனால் போன பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். பால் சரியான நேரத்துக்கு வந்தது. கோயில் மணி சரியாக அடித்தது. வெயிலும் சரியாக ஏறியது. கூடத்துக் கடிகாரம் சரியாக ஓடியது. அத்தனை பேரையும் சோம்பேறி என்று திட்டிவிட்டு ஒரு குரலை மட்டும் நம்பியிருக்கிறேன். மகள் குரலாயிற்றே. அது சொன்னதும் நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஒருத்தர்கூட என்னோடு சண்டைக்கு வரவில்லை. போன வருடமாக இருந்தால் கலியபெருமாள் “மதாம், உங்க கடியாரத்துக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு” என்று சொல்லியிருப்பார். இப்போது தலையாட்டுகிறார். வடிவேல் முனகுகிறான். பூர்ணிமா மெதுவாகப் பேசுகிறாள். நோயாளி சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று எல்லோருக்கும் நல்ல மனசு. அந்த நல்ல மனசில் நான் இந்த வீட்டை இழக்க இருந்தேன்.

பயமாக இருக்கிறது. டிசம்பரிலிருந்து வராத பயம். எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

பெட்டியை இந்த ஊர் நேரத்துக்கு மாற்றி, கூடத்துக் கடிகாரத்தின் முள்ளையும் திருப்பிவைத்துவிட்டாள் ஏஸ்தெல். “இனிமே தப்பே வராதும்மா” என்றாள்.

“உன் குரல எடுத்துடு” என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. “ஏன்? என்மேல இன்னும் கோவமா?”

“கோவம் இல்ல. நீ சொன்னா நான் மறுக்க மாட்டேன். நீ எட்டுன்னா சூரியன் வரலன்னாலும் எட்டுதான் எனக்கு. அது ஆவாது. என் குரல்ல போடு. என்னயத்தான் எனக்கு எதுத்துப் பேசத் தெரியும்.”

ஏஸ்தெல் தன் போனை என் முன்னால் நீட்டினாள். சமையலறையில் உட்கார்ந்து சாயங்காலம்வரை பதிந்தோம். பூத்தில் ரிசீவரைப் பிடித்த மாதிரி தோரணை வந்துவிட்டது எனக்கு. ஏஸ்தெல் சிரித்தாள். காலை மாத்திரைக்கு நான் சொன்னது இது: “எட்டு இருக்கணும். மொதல்ல கடியாரத்தப் பாரு. எட்டு இல்லன்னா நான் சொல்றதக் கேக்காத, பூர்ணிமாவக் கேளு.”

மதியத்துக்கு: “பசிக்குதா? பசிக்கலன்னா ஏன் பசிக்கலன்னு யோசி.”

கலியபெருமாளையும் பூர்ணிமாவையும் வடிவேலையும் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்தேன். நான் தப்பாகப் பேசினால் மூஞ்சிக்கு நேரே சொல்லவேண்டும் என்றேன். “அப்ப சொல்றேன் மதாம், அன்னிக்கு என்னயத் திட்டுனது தப்பு” என்றான் வடிவேல். உடனே ஆரம்பித்துவிட்டான்.

முகங்களைப் பற்றியும் ஏஸ்தெலிடம் சொன்னேன். இத்தனை நாள் போட்ட சிரிப்பெல்லாம் பொய் என்று. அதிர்ந்துபோனாள். நாலாவதாக ஒரு முகம் போட்டுக்கொடுத்திருக்கிறாள். வெறும் வட்டம், கண் உண்டு, வாய் இல்லை. “ஒண்ணும் தோணலன்னா இத அமுத்தும்மா. நான் பயந்துக்க மாட்டேன்.”

இரவு அதை அமுக்கினேன். இந்தப் பெட்டியிடம் இப்போதுதான் உண்மை சொல்கிறேன்.

ஏப்ரல் 22, புதன்

ஏஸ்தெல் கிளம்பினாள். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு விடவில்லை. டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

மே 10, ஞாயிறு

பெட்டி எட்டு என்றது. கடிகாரம் ஏழேமுக்கால். பூர்ணிமாவைக் கேட்டேன், எட்டுதான். கடிகாரம் பின்தங்கிவிட்டிருக்கிறது. பேட்டரி மாற்றினோம். இந்தத் தடவை நான் ஏறவில்லை, அவள் ஏறினாள்.

வாயில்லா முகம்.

ஜூன் 6, சனி

இங்கே உட்கார்ந்து என் குரலையே நான் கேட்பது வேடிக்கை. எனக்கு இவ்வளவு கட்டைக் குரலா? என் பூத்துக்கு வந்தவர்கள் பாவம்.

ஜூலை 14, செவ்வாய்

பிரெஞ்சு தேசிய தினம். கலியபெருமாள் கடற்கரைக்கு அழைத்துப்போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அவருடன் வேலைபார்த்த பழைய சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு நின்றார்கள். அவருடன் என்றால் என் கணவருடன். ஒருவர் என்னிடம் வந்து நீண்ட நேரம் பிரெஞ்சில் பேசினார். எல்லாம் புரிந்தது. என்ன பேசினார் என்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால், இல்லை.

“இன்னிக்கு ரெண்டு தடவ சுண்டல் வாங்கச் சொன்னீங்க மதாம், ஒரு தடவதான் வாங்கனேன்” என்றார் கலியபெருமாள். மூஞ்சிக்கு நேரே. சந்தோஷம்.

சிரிப்பு. இன்று நிஜம்.

செப்டம்பர் 3, வியாழன்

பெட்டிக்காரி ரொம்பத்தான் அதட்டுகிறாள். பசிக்கவில்லையா, ஏன் பசிக்கவில்லை, யோசி என்கிறாள். யோசித்தேன். ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறேன், தட்டு கழுவாமல் கிடக்கிறது.

அக்டோபர் 8, வியாழன்

எதிர்வீட்டுப் பெண் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. பெட்டியில் படம் இருக்கிறது, அமுக்கினால் வருகிறாள். அது போதும்.

நவம்பர் 17, செவ்வாய்

இரவெல்லாம் மழை. குருசுக்குப்பத்தில் படகுகளை ரோடுவரைக்கும் இழுத்துப் போட்டிருக்கிறார்களாம், எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். என் கூடத்தில் ஒழுகவில்லை. இந்த வீடு நல்ல வீடு.

காலையில் பெட்டி அம்மாள் “எட்டு இருக்கணும். மொதல்ல கடியாரத்தப் பாரு” என்றாள். பார்த்தேன், எட்டு. மாத்திரை போட்டேன்.

சாயங்காலம் ஏஸ்தெல் வீடியோவில் வந்தாள். கேட்கவேண்டும் என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். “பெட்டியில ஒரு அம்மா பேசறாங்களே, யாரு அது? நீ ஆள் வெச்சியா?”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், அவள் முகம் அசையாமல் இருந்தது. பிறகு கேட்டாள். “ஏம்மா, அவங்கள உனக்குப் புடிக்கலயா? மாத்திடவா?”

யோசித்துத்தான் சொன்னேன். “அதிகாரம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா பொய் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றது தப்பா இருந்தா கேக்காதன்னு அவங்களே சொல்றாங்க. அப்பிடி எவ சொல்லுவா? இருக்கட்டும், விடு.”

“சரிம்மா. அவங்களே இருக்கட்டும்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், சளி பிடித்திருக்கிறது.

அந்த அம்மாள் ராத்திரி மாத்திரைக்குக் கூப்பிடுகிறாள். போய்க் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும்.